பெயர் தெரியாத ஒருவருக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

எங்கள் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கும், யூத ஜெப ஆலயத்துக் குடும்பங்களுக்கும், யாரென்று தெரியாத ஒருவருக்கும்,

வணக்கம்.

இந்த ஜூன் மாதத்தோடு என் மகனும் உங்கள் பள்ளியை முடித்துவிட்டான். 2017 செப்டம்பரில் மூன்று வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக உங்கள் வாசலில் வந்து நின்றேன். ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஆளுக்கொரு நன்றி அட்டை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் மனசில் இருப்பதில் பாதிகூட அதில் இறங்கவில்லை. எனக்கு நன்றி தமிழில்தான் வரும். நியூ ஜெர்சியில் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று தவிக்கும் நம் ஊர் அம்மாக்கள் கண்ணிலும் இது படட்டும்.

"யூதப் பள்ளியிலா சேர்த்திருக்கிறாய்?" என்று ஊரிலிருந்து அம்மா கேட்டார். சேர்த்த காரணம் முதலில் சாப்பாடுதான். யூதர்களின் உணவு விதியான கோஷர் முறைப்படி பாலையும் இறைச்சியையும் ஒன்றாகக் கலக்க மாட்டார்கள். உங்கள் பள்ளிச் சமையலறை பாலுக்கானது என்பதால் இறைச்சி உள்ளேயே வராது. சைவக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! அதே முறைப்படி, வீட்டில் சமைத்ததை வகுப்பில் பரிமாறவும் கூடாது. மகளின் பிறந்தநாளுக்கு ஆசையாய்க் கிளறிய கேசரியோடு நான் வந்து நின்றபோது, மோரா (ஆசிரியையை அங்கே பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்னைத் தனியே அழைத்து, ஏன் முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் அவரே ஒரு தட்டு நிறையப் பழம் நறுக்கிக்கொண்டு வந்து பாட்டுப் பாடினார். என் முகம் வாடியதைக் கவனித்திருக்கிறார் பாருங்கள்.

வெள்ளிக்கிழமைகளைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. காலையிலேயே பிள்ளைகள் மாவை மூன்று திரியாக உருட்டிப் பின்னுவார்கள். சடை பின்னுகிற மாதிரியேதான். அதுதான் ஹல்லா ரொட்டி. இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு கோப்பை திராட்சைச் சாறு, ஷபாத் (வெள்ளி சாயங்காலம் தொடங்கும் யூதர்களின் ஓய்வு நாள்) பாட்டு. மதியம் கூட்டிவரப் போனால், மகள் காகிதப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாள். ரொட்டியின் சூடு பையில் இன்னும் இருக்கும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் குத்துவிளக்கு ஏற்றினேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள். சுடருக்கு மேலே இரண்டு கையையும் மூன்று தடவை தன் பக்கமாக வளைத்து, கண்ணைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அவளும் அதைத்தான் செய்கிறாள் என்று முதலில் நினைத்தேன். கையை எடுக்காமல் எபிரேயத்தில் முணுமுணுத்தபோதுதான் புரிந்தது. அவளுக்கு இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமை விளக்கு. அதை மாற்று என்று நீங்களும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இந்த ஆறு வருஷத்தில் எங்கள் சாமியைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை.

2018 மார்ச்சில் மகன் பிறந்தான். ஆபரேஷன். விசா கிடைக்காததால் பிரசவம் பார்க்க அம்மா வர முடியவில்லை. இதை மோராவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், அவ்வளவுதான். மூன்று வாரம் தினமும் சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனீர்கள். இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை. ஒருவர் முன்கூட்டியே ஃபோன் செய்து, பிள்ளை பெற்றவளுக்கு உங்கள் ஊரில் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டார். பூண்டு என்றேன். மறுநாள் பருப்பு சூப்பில் பூண்டு மணந்தது. வாரம் இரண்டு நாள் வந்து, "நீ போய் நிதானமாகக் குளி" என்று குழந்தையை வாங்கிக்கொண்ட அந்தப் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். பாட்டி, உங்கள் மடியில் தூங்கிய பிள்ளைதான் இப்போது பள்ளி முடித்திருக்கிறான்.

அதே வருஷம் அக்டோபர் 27, சனிக்கிழமை காலை. பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் வழிபாட்டுக்கு வந்த 11 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். திங்கட்கிழமை மகளை அனுப்பலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். அனுப்பினேன். வாசலில் புதிதாக ஒரு காவலர் நின்றார். அவர் பக்கத்தில் ராபியும் (ஜெப ஆலயத்தின் மத குரு) பள்ளி இயக்குநரும். இருவரின் கண்ணும் சிவந்திருந்தது. ஆனாலும் குனிந்து, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லித்தான் உள்ளே அழைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மூச்சில்தான் உலகம் நிற்கிறது என்று யூதர்களின் பழைய மறைநூலான தல்மூதில் ஒரு வாக்கு உண்டு என, முதல் பெற்றோர் கூட்டத்தில் ராபி சொல்லியிருந்தார். அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன். அந்தக் காவலருக்கும் நன்றி. என் பிள்ளைகள் இருவருக்கும் அவர் மாமாதான்.

இனி, பெயர் தெரியாத அந்த ஒருவருக்கு.

2020 கோடையில் என் கணவருக்கு வேலை போனது. செப்டம்பரில் மகனைச் சேர்க்க முடியாது என்று சொல்லத்தான் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து இயக்குநர் கூப்பிட்டு, இந்த வருஷக் கட்டணத்தை ஒருவர் கட்டிவிட்டார் என்றார். யார் என்று கேட்டேன். தனக்கும் உங்கள் பெயர் தெரியாது என்றார் இயக்குநர். தருபவர் யாரென்று பெறுபவருக்கும், பெறுபவர் யாரென்று தருபவருக்கும் தெரியாமல் கொடுப்பதை, 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் கொடையின் எட்டுப் படிகளில் இரண்டாவது உயர்ந்த படியாக வைத்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதற்கும் மேலான முதல் படி, ஒருவரைத் தன் காலில் நிற்க வைப்பது. நீங்கள் எங்களுக்கு இரண்டையுமே செய்தீர்கள். மகன் பள்ளியில் இருந்த நேரத்தில்தான் நான் படித்து, தேர்வு எழுதி, வேலைக்குச் சேர்ந்தேன். நேரில் வந்து சொல்ல எனக்கு வழியில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

வகுப்பில் செய்த செதாக்கா (தர்மக் காசு) உண்டியல் எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. தகர டப்பா, மேலே மகன் ஒட்டிய நீலக் காகிதம். வெள்ளிதோறும் விளக்கேற்றும் முன் பிள்ளைகள் காசு போடுவார்கள். நிரம்பிவிட்டது. அதோடு ஒரு பிள்ளையின் ஒரு வருஷக் கட்டணத்தையும் சேர்த்து, வருகிற வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கொடுக்கிறோம். எந்தப் பிள்ளைக்கு என்று எங்களிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா