நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவுக்கு, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு திறந்த மடல்

நிலைக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் அணு ஆயுதக் கொள்கை பற்றியும் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது பற்றியும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. நான் மிலிட்டரியில் இருந்தவன் இல்லை. உரக்கடை வைத்திருக்கிறேன். உரக்கடைக்காரனுக்கு அணுகுண்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டால், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றாலே அது தெரிகிறது, அதனால்தான் பேசுகிறேன். ராத்திரியில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கும். அவற்றுக்கெல்லாம் மேலே, நட்சத்திரமோ என்று சந்தேகம் வரும் உயரத்தில், விஜயநாராயணம் கோபுரங்களின் விளக்கு எரியும். ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990-இல் தொடங்கிய கடற்படை நிலையம். சுற்றிலும் செம்மண்ணும் பனையும் உடைமரமும்தான், கடலுக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். இங்கே கடற்படைக்கு என்னப்பா வேலை என்று சின்ன வயதில் கேட்டேன். "தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கிற கப்பலோட பேசுறதுக்குடா" என்றார் அப்பா. கதை விடுகிறார் என்று நினைத்தேன்.

கதை இல்லை. சாதாரண ரேடியோ அலை கடல் தண்ணீருக்குள் இறங்காது. மிகக் குறைந்த அதிர்வெண் உள்ள அலை மட்டும் கொஞ்ச ஆழம் இறங்கும், அதை அனுப்பத்தான் அவ்வளவு உயரக் கம்பங்கள். கீழே இருக்கும் நீர்மூழ்கி கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது, பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். 2016-இல் அரிஹந்த், 2024-இல் அரிகாட் என்று அணு ஏவுகணை தாங்கும் நீர்மூழ்கிகள் கடற்படைக்கு வந்துவிட்டன. அரிஹந்தின் அணு உலைக்கு முன்மாதிரியைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தது கல்பாக்கத்தில். கூடங்குளம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. போர் என்று வந்தால் எதிரியின் வரைபடத்தில் எந்தெந்த இடம் வட்டம் போட்டு வைக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அதற்காகக் கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போங்கள் என்று கேட்கவில்லை. அதன் நிழலில் குடியிருப்பவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு, அவ்வளவுதான்.

முதல் கேள்வி, 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்ற நம் வாக்கு பற்றி. 1998-இல் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த பிறகு, 2003 ஜனவரி 4-ஆம் தேதி அரசு வெளியிட்ட குறிப்பில் அது இருக்கிறது: நாம் முதலில் அணு ஆயுதத்தைத் தொட மாட்டோம், நம் மேல் போட்டால் தாங்க முடியாத அளவுக்குத் திருப்பிக் கொடுப்போம். ரசாயன, உயிரி ஆயுதத் தாக்குதல் என்றால் மட்டும் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். உத்தரவிடும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்குத்தான், எந்தத் தளபதிக்கும் தனியாகக் கிடையாது. ஊர் உலகத்துக்குத் தெரிந்த கொள்கை ஏறக்குறைய அந்தச் சின்னக் குறிப்புதான். 2016-இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர், நாம் ஏன் இப்படிக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ரீதியில் பேசிவிட்டு, அது தன் சொந்தக் கருத்து என்றார். 2019-இல் ராஜ்நாத் சிங் பொக்ரானிலேயே நின்றுகொண்டு, இதுவரை அதுதான் கொள்கை, இனிமேல் சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். கொள்கை மாறவில்லை என்று அரசு பிறகு சொன்னது, சரி. ஆனால் கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு, பணம் தருவது சூழ்நிலையைப் பொறுத்தது என்றால் எப்படி?

இந்த வாக்கைக் கோழைத்தனம் என்று டிவியில் கத்துகிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. முதலில் அடிக்க மாட்டேன் என்று சொல்ல, முதல் அடியைத் தாங்கிய பிறகும் திருப்பி அடிக்கத் தெம்பு இருக்க வேண்டும். நீர்மூழ்கி கடலுக்கடியில் ஒளிந்திருப்பதே அதற்குத்தான். இவ்வளவு செலவு செய்து அந்தத் தெம்பை வாங்கி வைத்துவிட்டு, நாமே முதலில் போடலாமா என்று யோசிப்பதாகக் காட்டிக்கொண்டால், எதிரே இருப்பவனும் அதையேதான் யோசிப்பான். 'இவன் போடுவதற்குள் நாம் போட்டுவிடுவோம்' என்று அவனை அவசரப்படுத்துவதில் நமக்கு என்ன லாபம்? எனக்குப் புரியவில்லை.

பாகிஸ்தானோடு எவ்வளவு முறைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் இரண்டு நாடுகளும் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒருவர் நிலையத்தை ஒருவர் தாக்குவதில்லை என்று 1988-இல் போட்ட ஒப்பந்தம், 1992-இலிருந்து விடாமல் நடக்கிறது. கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அந்தக் காகிதம் எந்த ஏவுகணைக்கும் குறைந்த பாதுகாப்பு இல்லை. அதைப் பற்றி எந்த டிவியிலும் விவாதம் பார்த்ததில்லை, நடந்தால் யார் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்து, கட்டாய ராணுவ சேவை. எல்லையில் சண்டை வரும்போதெல்லாம், பையன்கள் எல்லாரையும் இரண்டு வருஷம் பட்டாளத்துக்கு அனுப்பினால் ஒழுக்கம் வரும் என்று எங்கள் டீக்கடையிலும் பேசுகிறார்கள். சொல்கிறவர் வயது பெரும்பாலும் 50-க்கு மேல். உங்கள் நிலைக்குழுவே 2018-இல், அரசு அதிகாரி வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு ஐந்தாண்டு ராணுவ சேவையைக் கட்டாயமாக்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசியல் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை, 23-வது பிரிவே பொதுக் காரியத்துக்குக் கட்டாய சேவை கேட்கலாம் என்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு 2 கோடிக்கு மேல் பிள்ளைகள் 18 வயதைத் தொடுகிறார்கள், தரைப்படையின் மொத்த பலமே சுமார் 12 லட்சம். மீதிப் பேரை எங்கே நிறுத்துவது, யாருக்கு விலக்கு, யார் சிபாரிசில்? சிங்கப்பூரில் 1967-இலிருந்து நடக்கிறதே என்பார்கள். அது சின்ன நாடு, வேறு வழியில்லாமல் செய்தது, அங்கே பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் சட்டத்தில் விலக்கு இல்லை. இங்கே அப்படி நடக்கும் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இன்னொன்று, நமக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. காலை ஐந்து மணிக்கு எங்கள் தெரு வழியாகப் பையன்கள் ஓடுவார்கள். முன்னால் ஒருத்தன் போனில் டைமர் வைத்துக்கொண்டு ஓடுவான், பின்னால் ஏழெட்டுப் பேர். ராணுவத் தேர்வில் 1600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் முடித்தால் முழு மார்க். கடைசியாக வரும் ஒல்லிப் பையன் என் கடைத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவான், ஐந்து ஐம்பதில் நிற்கிறான், அதிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் கொடுத்துக்கொண்டே "ஏண்டே இவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டேன். "வேற என்ன அண்ணாச்சி இருக்கு?" என்றான். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள் போல வீர மதராசி என்று கோஷம் போட ஆசைப்பட்டுத் தானாக வருகிறவன் இவன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இவனுக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? 2022 ஜூனில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க அக்னிபத் என்ற திட்டம் வந்தது. நாலு வருஷம், பிறகு நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிரந்தரம் இல்லை, மற்றவர்களுக்கு 11.71 லட்சம் கொடுத்து அனுப்பிவிடுவது. அந்தத் தொகையில் பாதி அவன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்ததும் அதன் வட்டியும்தான். பென்ஷன், கிராஜுவிட்டி கிடையாது. கொரோனாவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆள் எடுக்காமல், உடல்தகுதி முடித்து எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களையும் ரத்து என்று சொல்லிவிட்டுக் கொண்டுவந்த திட்டம் இது. செலவுக் கணக்கு எனக்கும் தெரியும். 2025-26-இல் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி, அதில் 1.60 லட்சம் கோடி பென்ஷன். பாரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் மிலிட்டரிக்காரருக்குப் பெண் கொடுத்ததும், வங்கியில் கடன் கிடைத்ததும், செத்த பிறகு பெண்டாட்டி யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்ததும் அந்தப் பென்ஷனை நம்பித்தான். அதை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் எதை வைக்கிறீர்கள்? துணை ராணுவத்தில் 10 சதவீதம் இடம் என்று அப்போது சொன்னீர்கள். முன்னாள் ராணுவத்தினருக்கு மத்திய அரசு வேலையில் ஏற்கெனவே இருக்கும் ஒதுக்கீடே நிரம்பாமல் கிடக்கிறது, ஏட்டில் இன்னொரு ஒதுக்கீடு எழுதி என்ன பயன்?

முதல் அணி பயிற்சிக்குப் போனது 2022 கடைசியிலும் 2023 ஜனவரியிலும். நாலு வருஷத்தைக் கூட்டினால் 2026 முடிந்து 2027 பிறக்கும்போது அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வருவார்கள். எத்தனை பேர் தங்கினார்கள், வெளியே வந்தவர்களில் எத்தனை பேருக்கு என்ன வேலை கிடைத்தது என்று மாநில வாரியாக நாடாளுமன்றத்தில் வையுங்கள். அணு ஆயுத வாக்கை மாற்றப்போகிறீர்கள் என்றால் மேடையில் போகிற போக்கில் சொல்லாமல் அவையில் சொல்லி விவாதியுங்கள், மாற்றவில்லை என்றால் அதையும் அங்கேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அப்புறம், 2025 மே 7-ஆம் தேதி நாடு முழுக்க நடந்த போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை கல்பாக்கத்திலும் நடந்தது. விஜயநாராயணத்தைச் சுற்றி இருக்கும் எங்களுக்கும் சைரன் அடித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாராவது வந்து சொல்லித் தந்தால் நல்லது.

பதில் போட்டால் தமிழில் போடுங்கள். கடைத் திண்ணையில் வைத்து அந்தப் பையன்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன், காலை ஆறு மணிக்குள் என்றால் எல்லாரும் இருப்பார்கள்.