கார் கால்மிதியைத் தூக்கிப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா மாவடு போட்டு வைத்திருக்கிறாள். சித்திரைத் திருவிழாவுக்குக் காரில் வருவதாகச் சொன்னாய் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2009-இல் வாங்கிய வண்டி. ஆர்.சி.யை 2024-இல் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதே. மதுரை வெயிலில் நின்றபோது பெயின்ட்தான் மங்கியது. உன்னோடு தூத்துக்குடிக்கு வந்த பிறகு உப்புக்காற்று அடிப்பக்கத்தைத் தின்கிறது.

நீ பொங்கலுக்கு வந்தபோது டிரைவர் சீட்டுக்கு முன்னால் கால்மிதியைத் தூக்கினேன். ஒரே ஈரம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு 'டங்' என்னும். இது 'பொத்' என்றது. முனையை வைத்து அழுத்தினேன், அப்பளமாக நொறுங்கி வாசல் சிமெண்ட் தெரிந்தது. நீ பயப்படுவாய் என்று உன்னிடம் சொல்லாமல் டிங்கர் கடையில் ஒட்டு வைத்தேன். சொல்லியிருக்க வேண்டும். சீட்டையும் கால்மிதியையும் கழற்றி, பேட்டரி வயரை எடுத்த பிறகுதான் வெல்டிங் பற்றவைக்க விட்டேன். பொறி பட்டு உள்ளே பஞ்சு பிடித்தால் அவ்வளவுதான்.

வண்டியைத் தூக்கியபோது டேங்க் பக்கத்துப் பெட்ரோல் குழாயை மெக்கானிக் வளைத்துக் காட்டினார். பழைய செருப்பு வார் மாதிரி வெடிப்பு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. அதை மாற்றிவிட்டோம். இஞ்சின் பக்கத்துக் குழாயைப் பார்க்க நேரமில்லாமல் போனது. அன்றிலிருந்து அதுதான் மனசை அரிக்கிறது.

நீ ஒரு நாள் லீவு போட்டு அதை மாற்றிவிடு, கிளிப்போடு சேர்த்து. எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும், கம்பி சுற்ற விடாதே. காலையில் பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாதே.

ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் வாங்கி, டிக்கியில் போடாமல் சீட்டுப் பக்கம் வை. வழியில் புகை வந்தால் ஓரங்கட்டி, சாவியை அணைத்து, முதலில் பேரனை இறக்கித் தள்ளிப் போ. பானெட்டைத் திறக்காதே, காற்றுப் பட்டால் குபீரென்று பிடிக்கும். 112-க்குப் போன் போடு.

குழாய் கிடைக்கவில்லை என்றால் பஸ்ஸிலேயே வந்துவிடு. மாட்டுத்தாவணியில் நான் நிற்கிறேன்.

அப்பா