கயலுக்கு, கறுப்புப் பொடி விஷயமாக

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.

அன்புள்ள கயல்,

நீ மண் தட்டு செய்வதை எடுத்து அனுப்பிய வீடியோ பார்த்தோம். நீல மண்ணையும் வெள்ளை மண்ணையும் அடுக்கி உருட்டி, கம்பியால் அறுத்தபோது உள்ளே அலை அலையாகத் தெரிந்ததே, ரொம்ப அழகு. ஜப்பான்காரர்கள் இதை நெரிகோமி என்பார்கள் என்று அப்பாவிடம் விளக்கினேன். "தட்டு எப்போ வரும்?" என்று மட்டும் கேட்டார்.

என் கண் வேறு இடத்தில் இருந்தது. கறுப்புப் பொடியை ஸ்பூனால் அள்ளி மண்மேல் கொட்டினாய். ஜன்னல் வெயிலில் அது புகையாக எழும்பியது. மேசையில் சிந்தியதை வாயால் ஊதிவிட்டாய். பின்னால் குட்டிப் பயலின் நடைவண்டி. ரிட்டயர் ஆனாலும் கெமிஸ்ட்ரி டீச்சர்தானே, சும்மா இருப்பேனா?

அது மாங்கனீஸ் டை ஆக்சைடு. பழைய டார்ச் பேட்டரியை உடைத்தால் உள்ளே இருக்கும் கறுப்பில் பாதி அதுதான். மூச்சோடு தொடர்ந்து உள்ளே போனால் மூளையைப் பிடிக்கும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், பார்க்கின்சன் நோய் மாதிரியே இருக்கும். மாங்கனீஸ் அரைக்கும் ஆட்களுக்குக் கால் வலுவிழந்து போனதை கிளாஸ்கோவில் ஒரு மருத்துவர் 1837-லேயே எழுதி வைத்தார். சூளைச் சூட்டிலும் அதன் ஆவி கிளம்பும். சூளை எரியும்போது பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம். புகை வெளியே போக வழி செய்யச் சொல்லி மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன்.

மண்ணுக்கு நிறம் தரும் மற்ற பொடிகள் எல்லாம் ஒரே மாதிரி பொல்லாதவை இல்லை. காவி நிறம் தரும் இரும்பு ஆக்சைடு சாது. கோபால்ட்டும் நிக்கலும் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும்; உனக்குக் கை வெடிக்கும் உடம்பு, கையுறை இல்லாமல் பிசையாதே. பச்சைக் குரோமியம் ஆக்சைடு பரவாயில்லை. ஆனால் ஆரஞ்சு நிறத்தில் டைக்குரோமேட் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாசலோடு அனுப்பிவிடு, அது புற்றுநோய்ச் சரக்கு. கடையில் ஸ்டெயின் என்று விற்கும் தயார் நிறப் பொடியை ஏற்கெனவே அதிகச் சூட்டில் சுட்டு அரைத்திருப்பார்கள். நிறம் சுலபத்தில் கரைந்து வராது, அதனால் கொஞ்சம் நிம்மதி. அதுவும் தூள்தான், மூச்சில் போகக் கூடாது.

ஒரு கிலோ காய்ந்த மண்ணை நீலமாக்க 5 முதல் 10 கிராம் கோபால்ட் போதும். ஈர மண்ணுக்குள் போய்விட்டால் அது பறக்காது. பொடியை அள்ளும் நேரமும், காய்ந்த தட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் நேரமும்தான் ஆபத்து. முதலில் பொடியைத் தண்ணீரில் குழைத்துக்கொள், அப்புறம் மண்ணில் சேர். துணி மாஸ்க் எல்லாம் பத்தாது, என்-95 போடு. தரையைத் துடைப்பத்தால் பெருக்காதே. ஈரத் துணியால் துடை. நிறமே சேர்க்காத மண் தூசியிலும் சிலிக்கா உண்டு. வருஷக் கணக்கில் நுரையீரலில் படிந்தால் அதற்கு மருந்து கிடையாது.

உனக்கு இதெல்லாம் புதிதா என்ன? 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய தெர்மாமீட்டர் கண்ணாடி கிடந்தது தெரிந்த பிறகுதான் நம் ஊரே விழித்தது. அந்தத் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களோ, பாதரசம் இவ்வளவு கெடுதல் என்று யாரும் சொல்லவில்லையே என்று கேட்டார்கள். உனக்குச் சொல்ல நான் இருக்கிறேன்.

சாப்பாட்டுத் தட்டு என்றால் உள்பக்கம் நல்ல கிளேஸ், அதாவது சுட்டால் கண்ணாடி மாதிரி ஆகும் பூச்சு, பூசு. எலுமிச்சைத் துண்டை ராத்திரி முழுக்க வைத்துப் பார். நிறம் மாறினால் அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு. மாறாவிட்டாலும் விற்பதற்கு முன் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடு. நம் வீட்டு ரசத்தின் புளிப்பு உனக்குத் தெரியும்.

பொடி கலக்கிய அந்த மிக்ஸி ஜாரில் இனி சட்னி அரைக்காதே. புது ஜாருக்குப் பணம் போட்டுவிட்டேன். வந்ததா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா