கருப்புக் காரும் பாலிஷ் மெஷினும்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் மிளகுப் பொட்டலமும் சேர்ந்தே வந்தன. மிளகை அம்மா அப்போதே வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். முட்டிவலி இப்போது பரவாயில்லை, நின்று ரசம் வைக்கிறாள். பட்டறை ஏதோ ஓடுகிறது. வெள்ளி விற்கிற விலைக்கு, கொலுசு கேட்டு வருகிறவர்கள் எல்லாம் எடை குறைந்ததாகவே காட்டச் சொல்கிறார்கள்.

சரி, உன் காருக்கு வருகிறேன். வெயிலில் நிறுத்தினால் கருப்புப் பெயின்ட் மேல் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறது, எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருடம் பஃப் மோட்டாரில் கொலுசைத் தேய்த்து மெருகேற்றுகிறவனுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பாய். அந்த நினைப்பில்தான் நானும் கெட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ரோட்டரி மெஷின் வாங்கினேன். நம் பஃப் மோட்டார் போலவே ஒரே அச்சில் சுற்றுவது. கை பழகியதுதானே என்று பானெட் ஓரத்தில் வைத்து அழுத்தினேன். ஒரு தீய்ந்த வாடை. எடுத்துப் பார்த்தால் மெஷின் முனையில் ஒட்டும் மெத்தை மாதிரியான பேடில் என் காரின் சிவப்பு! கொலுசை எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே வெள்ளிதான். காரில் பளபளப்பு என்பது நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சில் மட்டும்தான். பெரும்பாலும் அது 40, 50 மைக்ரான்; ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. விளிம்பில் அதைவிட மெலிசு. பானெட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்த செலவை உன் தங்கச்சி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

அதனால் நீ ஆர்பிட்டல் வாங்கு, டூயல் ஆக்‌ஷன் என்று கேள். அதில் பேட் தானும் சுற்றும், சுற்றிக்கொண்டே ஒரு சின்ன வட்டத்தில் ஆடவும் செய்யும். ஒரே இடத்தில் சீக்கிரம் சூடு சேராது. ரொம்ப அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திக்கொண்டு வெறுமனே அதிரும். அந்த ஆட்டத்தின் அளவைத்தான் 'த்ரோ' என்பார்கள்: 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வரும். 21 பெரிய பரப்பைச் சீக்கிரம் முடிக்கும், வளைவில் திணறும். உனக்கு 15 போதும், பேடை ஒட்டுகிற பிளேட் 5 இஞ்ச் இருக்கட்டும். வாங்கும் முன் ஓடவிட்டுக் கையில் பிடித்துப் பார், அதிர்வு தோளுக்கு ஏறினால் வேண்டாம். மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்ஷும் பிளேட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்.

பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடு. வேலை செய்யும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றுவிட்டால் ஒன்று அழுத்தம் அதிகம், இல்லை மெஷின் சாய்ந்திருக்கிறது. இதற்கு மேல் எனக்கு எந்த வாத்தியாரும் தேவைப்படவில்லை.

முதலில் நன்றாகக் கழுவி, களிபோல் இருக்கும் கிளே பாரை வழுக்க வழுக்க ஓட்டி, ஒட்டியிருக்கும் பிசுக்கை எடுத்துவிடு. ரப்பர், பிளாஸ்டிக், விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். மிருதுவான பேட், மிக நைசான பாலிஷ், பட்டாணி அளவில் நாலு சொட்டு. ஒன்றரை அடிச் சதுரம் மட்டும் எடுத்துக்கொள். வேகத்தை 1-இல் வைத்துப் பரப்பி, அப்புறம் 4 அல்லது 5-இல் நிதானமாக நெடுக்கும் குறுக்குமாக நாலு தடவை. துடைத்து டார்ச் அடித்துப் பார். கோடு போயிருந்தால் அதே பாலிஷோடு முழுக் காரையும் முடி. போகாவிட்டால்தான் கடினமான பேட். நகத்தில் தட்டுப்படுகிற கீறலை விட்டுவிடு, அதைத் துரத்தினால் என் பானெட் கதைதான்.

இங்கே ஒன்பது மணிக்கே பானெட் தோசைக்கல் ஆகிவிடும், பாலிஷ் காய்ந்து மாவாய் உதிரும். ஏற்காட்டில் உனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சில்வர் ஓக் மரத்தடியில் செய்யாதே, பனியும் சருகும் விழும். காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கும் ஷெட்டில் வைத்துக்கொள்.

இன்னொன்று. போன தடவை வந்தபோது உன் டிரைவர் காய்ந்த தூசியைப் பழைய பனியன் துணியால் அழுத்தித் துடைத்ததைப் பார்த்தேன். உன் சிலந்தி வலை அங்கிருந்து வந்ததுதான்.

அவசரப்பட்டு வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை என் ஆர்பிட்டல் மெஷினை டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறேன். பானெட்டுக்கு நடுவில் டேப் ஒட்டிப் பாதி மட்டும் போட்டுக் காட்டுகிறேன், பிடித்தால் வாங்கு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் தட்டுவடை செட் நமுத்துப்போகும். அதனால் தட்டுவடை தனியாக, சட்னி தனியாகக் கட்டி வாங்கி வருகிறேன். கேரட்டும் பீட்ரூட்டும் நீ துருவி வை. அதற்குள் அந்தப் பனியனை அடுப்பில் போட்டுவிடு.

உன்,
கடைசி பெஞ்ச் கூட்டாளி