பத்துப் பேர் சரி என்றீர்கள்: வளவு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயாமாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

காரைக்குடியைச் சுற்றி, நடுவில் முற்றம் வைத்த பூர்வீக வளவு வீட்டைப் படப்பிடிப்புக்கு விடுகிற பங்காளிகள் எல்லோருக்கும் சேர்த்தே, என் குறும்படத்துக்கு மூன்று நாள் இடம் கேட்டு இதை எழுதுகிறேன். எந்த வீடு, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் சாவி வைத்திருக்கும் என் அம்மாவுக்குத்தான் சங்கடம்.

நான் சினிமாவுக்குள் வந்ததே உங்கள் வீட்டுக் கொல்லைப்புற வாசல் வழியாகத்தான். அம்மா பெருக்கித் துடைக்கிற வீட்டுக்கு ஒருநாள் ஜெனரேட்டர் வண்டி வந்தது. கல்யாணக் காட்சி. தாம்பாளம் ஏந்தி நிற்க உள்ளூர்ப் பெண்கள் வேண்டும் என்றார்கள். பேட்டா 500 ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடு. இப்படியே நான்கு படங்களில் தாம்பாளம் ஏந்தினேன். ஐந்தாவதில் ஒரு வசனம் கிடைத்தது: "ஆச்சி உள்ளே கூப்பிடுறாக." படம் வந்தபோது திரையில் வாய் என்னுடையது, குரல் வேறு யாருடையதோ. என் பேச்சு 'ரொம்ப ஊர்ப்பக்கமா' இருந்ததாம். கதை நடப்பதே செட்டிநாட்டில்!

ஆனால் தாம்பாளத்தோடு மணிக்கணக்கில் நின்றதில் ஒன்று கற்றேன். காலை பத்து மணிக்கு முற்றத்தின் மேற்கு வரிசைத் தூண்களில் வெயில் இறங்கும். அங்கிருந்து தரையில் பாவிய ஆத்தங்குடிக் கல்லில் பட்டு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் ஏறி, முற்றத்தை ஒட்டிய கூடமான பட்டாலையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் மெதுவாக வந்து விழும். வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மோகோல்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. பெரிய படக்காரர்கள் அந்த முற்றத்தைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, உள்ளே பத்து விளக்குப் போட்டு வெயிலை 'உண்டாக்கினார்கள்'. அன்றைக்குத்தான் எனக்கும் ஒரு படம் எடுக்கலாம் என்று தோன்றியது.

என் படம் 18 நிமிடம். தனியாக இருக்கும் ஓர் ஆச்சி, தன் கல்யாணத்தில் சீராகப் பரப்பிய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்து அனுப்புகிறார். அனுப்பும் முன், குடத்தின் கழுத்தில் வெட்டியிருக்கும் தன் விலாசத்தை, அதாவது குடும்பப் பெயரின் முதலெழுத்துகளை, அரம் வைத்துத் தேய்க்கிறார். அந்த அரத்தின் சத்தம்தான் படமே. டப்பிங் கிடையாது, ஸ்பாட்டிலேயே ஒலிப்பதிவு. பேத்தியாக நான் நடிக்கிறேன், இந்த முறை என் குரலிலேயே.

அனுமதிக்கு எட்டு மாதம் அலைந்தேன். ஒரு வீட்டுக்குப் பதினொரு பங்கு. சென்னையில் சிலர், கோயம்புத்தூரில் சிலர், சிங்கப்பூரில் இருவர். பத்துப் பேர் சரி என்றார்கள். பதினோராமவர் போனில் மூன்று கேள்வி கேட்டார். "ஹீரோ யாரு?" இல்லை. "பேய்ப் படமா?" இல்லை. "கூட ஆம்பளை யார் வர்றாங்க?" ஒலிப்பதிவுக்காரர் ஆண்தான் என்றேன், அது பதிலாகப் படவில்லை. நாள் வாடகை பெரிய படத்துக்குச் சொல்வதையே சொன்னார். என் படத்தின் மொத்தச் செலவே அதற்குக் கீழேதான்.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆணி அடித்தவர்கள், தூணில் டேப் ஒட்டி வார்னிஷை உரித்தவர்கள், கேமரா ஓடும் டிராலித் தண்டவாளத்தை வெறும் கல்லில் இழுத்தவர்கள் எல்லாம் சினிமாக்காரர்கள்தான். கண்ணாடி மேல் சாந்து ஊற்றி எடுத்த கல், அந்தப் பளபளப்பு போனால் போனதுதான். கோடு விழுந்த இடத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தவர் என் அம்மா.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். சினிமா நம் ஊருக்குப் புதிதா? ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1947-இல் வெளியிட்ட 'நாம் இருவர்' கோடம்பாக்கத்தில் எடுத்ததில்லை. இங்கே, தேவகோட்டை ரஸ்தாவில் எடுத்தது. பெண் படம் எடுப்பதுதான் புதிது என்றால் அதுவும் இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது; அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி, ஐந்தே வருடத்தில், 1936-இல், 'மிஸ் கமலா'வைத் தானே எழுதி, இயக்கி, நடித்தார். அவரிடமும் யாராவது "கூட யார் வர்றாங்க" என்று கேட்டிருப்பார்கள், சந்தேகமில்லை.

இலவசமாகக் கேட்கவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, வீடு பூட்டித்தான் கிடக்கிறது. அந்த மாதங்களில் சின்னப் படங்களுக்கென்று தனி வாடகை வையுங்கள்: கரண்டு செலவு, துப்புரவுக் கூலி, காவலாளி சம்பளம், அதற்குமேல் உங்களுக்கு நியாயமாகப் படுவது. முன்பணம் கட்டுகிறேன். முதல் நாள் தரையையும் தூண்களையும் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலை தொடங்கும். நாங்கள் ஒன்பது பேர், டிராலி இல்லை, ஜெனரேட்டர் இல்லை, எதிரொலியை அடக்க விரிக்கும் ஜமக்காளமும் எங்களுடையதே. வீட்டுக்கு ஒருவரை 'சரி' சொல்லும் பொறுப்பில் வைத்துவிடுங்கள். பதினொரு பேருக்குத் தனித்தனியாகக் கதை சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே அந்தக் கதை சலித்துவிட்டது. சிங்கப்பூர் ஐயா ஒருவர் மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க ஆத்தா குடத்துலயும் விலாசம் இருந்துச்சு" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

எனக்கு முகப்பு வேண்டாம், வளவு முழுவதும்கூட வேண்டாம். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டும் சாமான் அறை ஒன்றும், மூன்று நாள். ஆடி பிறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. சாவிக்கொத்து அம்மாவிடம்தான் இருக்கிறது. எந்த அறை என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாம்பாளம் ஏந்தி நின்றவர்களில் இடமிருந்து இரண்டாவது பெண்