பதிவுக்கு முன் வண்டியின் அடிவயிற்றைக் காட்டுங்கள்

சிங்கப்பூரில் வாகனம் விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரிடம் சென்ற ஆண்டு நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டி ஒன்று வாங்கினேன். எந்த நிறுவனம், என்ன வண்டி என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு நண்பர்கள் பலரிடம் விசாரித்ததில், வேறு வேறு கடைகளில் வாங்கியவர்களும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள். ஆகவே மடல் எல்லாருக்கும்.

ஒப்படைப்பு நாள் குறையில்லாமல் நடந்தது. துணியை விலக்கினீர்கள், பூங்கொத்து கொடுத்தீர்கள், படம் எடுத்தீர்கள். என் கைப்பேசியை வண்டியின் திரையோடு இணைக்க மட்டும் இருபது நிமிடம் ஆயிற்று. கழுவிய ஈரம் காயாத வண்டியை, நிலத்தடி வண்டிப்பேட்டையின் மங்கிய வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த குருக்கள், குனிந்தபடியே கேட்டார்: "புது வண்டிதானே தம்பி? எண்ணெய் சொட்டுகிறதே!"

முன் ஆக்சிலின் நடுவில், வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் இருக்கும் இடத்துக்குக் கீழே, தரையில் ஒரு காசளவு ஈரம். எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் சரியாக உட்காரவில்லை என்று மறுநாள் பட்டறையில் சொன்னார்கள். உதிரிப்பாகம் வந்து, மாற்றி, வண்டி கைக்குத் திரும்ப ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் விலையுள்ள பொருளின் அடியைக் குனிந்து பார்த்த முதல் ஆள் குருக்களா என்று என் மாமனார் இன்றும் கேட்கிறார். அவர் ஊரில் மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நாலடி நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் கயிறு கைமாறுமாம்.

ஒன்பது நாள் ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். வேறு நாட்டில் இல்லைதான். இங்கே வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுக்குத்தான். என்னுடைய சான்றிதழின் விலை மட்டும் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. 3,650 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 27 வெள்ளிக்கு மேல். பட்டறையில் நின்ற ஒன்பது நாளும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது, காப்புறுதியும் சாலை வரியும் உடன் ஓட.

என் குறை இந்த வரிசையைப் பற்றியதுதான். முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்கிறீர்கள். எண் பலகை மாட்டுகிறீர்கள். அதன் பிறகுதான் வாங்குபவர் வண்டியைப் பார்க்கிறார். பார்த்துக் குறை கண்டால் என்ன செய்வது? உரிமைச் சான்றிதழ் அந்த வண்டியோடு ஒட்டிவிட்டது. கூடுதல் பதிவுக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. "வேண்டாம், வேறு வண்டி கொடுங்கள்" என்றால், திரும்பப் பெறும் அந்த வண்டி உங்களுக்கு ஒரு கை மாறிய பழைய வண்டி. நீங்கள் ஏன் சம்மதிப்பீர்கள்? ஆக, ஒப்படைப்பு நாளில் சுற்றிப் பார்ப்பது சடங்கு. தாலி கட்டிய பிறகு பெண் பார்ப்பது போல.

குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேடிக்கையாக, அதற்கும் எலுமிச்சையின் பெயர்தான்: 'லெமன் லா'. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைத்தபோதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிறுவுவது விற்றவர் பொறுப்பு. நல்ல சட்டம். ஆனால் அது முதலில் கேட்பது பழுதுபார்ப்பதையோ மாற்றித் தருவதையோதான். விலைக் குறைப்பும் பணத்தைத் திரும்பப் பெறுவதும் அதற்குப் பிறகு. பழுதுபார்ப்பு என்றால் மறுபடியும் பட்டறை, மறுபடியும் நாள் கணக்கு.

ஆணையம் விதிக்கும் கட்டாயப் பரிசோதனையும் இங்கே உதவாது. புதுக் காருக்கு அது மூன்றாம் ஆண்டில்தான் வருகிறது.

நான் கேட்பது அரை மணி நேரம். பதிவுக்கு முந்திய ஏதாவது ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், கழுவாத வண்டியை உங்கள் பட்டறைத் தூக்கியில் ஏற்றி, வாங்குபவரை அடியில் நிற்கவிடுங்கள். இந்த வகை வண்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகிய மூன்றின் சீல்களும் உலர்ந்திருக்க வேண்டும். அவற்றிலிருந்து மேலே போகும் மூச்சுக் குழாய்கள் கழன்று தொங்கக் கூடாது; தொங்கினால் முதல் ஓடையைக் கடக்கும்போதே எண்ணெயில் தண்ணீர் சேர்ந்துவிடும். கப்பலில் கட்டிவைத்த கொக்கி எங்கேனும் நசுக்கியிருக்கிறதா, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸில் துரு பூத்திருக்கிறதா என்பதெல்லாம் மேலே ஏறினால்தான் தெரியும். வண்ணத்துக்குப் பளபளப்புப் பூச்சு விற்க நீங்கள் காட்டும் அவசரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் பூசிவிட்டால் கீறலும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

டயர் எளிது. பக்கவாட்டில் அது தயாரான காலத்தைக் காட்டும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் பார்க்க வேண்டும். என் மைத்துனர் வண்டியில் ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. பூட்டு நட்டைக் கழற்றும் சாவி மட்டும் இல்லை. பஞ்சரான பிறகு தெரிந்தது.

பிறகு, வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்ச். சாதாரண நாளில் தொடவே தொடாத கியர் என்பதால் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலை வளைவில் போட்டால் விசைத்தொடர் முறுக்கிக்கொள்ளும் என்பது உண்மை. அதற்காகப் போடாமலே கொடுப்பதா? நேர்கோட்டில் மெதுவாகச் சில மீட்டர் உருட்டினால் போதும். லோ ரேஞ்ச் விழுந்ததைக் காட்டும் விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிகிறதா, கழற்றினால் ஒழுங்காகக் கழல்கிறதா என்று தெரிந்துவிடும்.

புக்கிட் தீமா குன்றைவிட உயரமான இடமில்லாத தீவில் இதெல்லாம் எதற்கு என்று சிரிப்பவர்களுக்கு: நாங்கள் முக்கால் தொட்டி பெட்ரோலோடு பாலம் தாண்டி, மலேசியாவின் கோத்தா திங்கிப் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண்பாதைகளுக்குப் போகிறவர்கள். மழை பெய்த செம்மண் சரிவில் லோ ரேஞ்ச் விழவில்லை என்றால் உங்கள் வாடிக்கையாளர் சேவை எண் அங்கே எடுபடாது.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏலத்தில், பெரிய கார்களுக்கான 'பி' பிரிவு உரிமைச் சான்றிதழ் கிடைத்தால் பதிவு செய்ய ஆறு மாத அவகாசம் இருக்கிறது. அவசரம் உங்கள் மாதக்கடைசி விற்பனைக் கணக்குக்குத்தான். ஒப்படைப்புக்கு முன் உங்கள் தொழில்நுட்பர் சோதித்ததாகச் சொல்லும் தாளையும் கையெழுத்தோடு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். உண்மையில் சோதித்திருந்தால் அதில் உங்களுக்கு என்ன சங்கடம்?

என் அக்காள் மகன் இப்போது இதே போன்ற வண்டிக்கு முன்பணம் கட்டியிருக்கிறான். உங்களில் ஒருவரிடம்தான். டார்ச் விளக்கோடு நானும் அவனோடு வருவேன். பதிவுக்கு முன் எந்த நாள் வரலாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு வாடிக்கையாளர்