மெரிக்கன், மரிக்கார், மரைக்காயர்: எங்க பேரைத் தேடிக் குடுத்தவங்களுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேட ஒத்தாசை பண்ணுன எல்லாருக்கும் தனித்தனியா போன் போட்டு நன்றி சொல்லிட்டேன், இருந்தாலும் நாலு பேரு பாக்குற எடத்துல சொல்லாட்டி மனசு ஆறாது. கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டு வச்சிக்கிட்டு படிங்க.

சங்கதி ஆரம்பிச்சது பாஸ்போர்ட்ல. மரைக்காயர்ங்குறது எங்க குடும்பத்துப் பட்டப் பேரு, கடல் யாவாரம் பண்ணுன முஸ்லிம்களுக்கு வர்றது. எங்க வாப்பாவோட பழைய பாஸ்போர்ட்ல அது எம் ஏ ஆர் ஐ சி ஏ ஆர்னு இருக்கு, எங்க ஊரு காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில இருந்த காலத்து பழக்கம் அது. ஆதார்ல இங்கிலீஷ்காரன் மாதிரி ரெண்டு கே போட்டு இருக்கு. என்னோட பர்த் சர்டிபிகேட்ல வாப்பா பேருக்கு பின்னாடி அது இல்லவே இல்ல, வெறும் இனிஷியல். கவுண்டர்ல இருந்த தம்பி மூணையும் பரப்பி வச்சிட்டு "சார், இது மூணும் ஒரே ஆளா?"ன்னு கேட்டாரு. எந்த ஆபீஸ்னு சொல்லல, விடுங்க. நாலு தடவ அலைய விட்டாங்க. கடைசியில அபிடவிட் போட்டு வேலை முடிஞ்சிருச்சு, ஆனா அந்த எரிச்சல்ல ஆரம்பிச்ச தேடல் மட்டும் முடியாம ரெண்டு வருஷம் இழுத்துருச்சு.

மொத நன்றி எங்க சின்ன மாமிக்கு. பரண்ல கெடந்த டிரங்கு பெட்டிய யாருக்கும் தொறக்க விடாத ஆளு, என்கிட்ட மட்டும் சாவிய குடுத்து "உங்க வாப்பாவோட வாப்பா சபருக்கு (கடல் கடந்து பொழைக்க) போயிட்டு வந்தப்ப கொண்டாந்தாஹ, பூச்சி அரிச்சிருக்கும், பாத்து எடு"ன்னாங்க. கற்பூர உருண்டை வாசனையோட நாலு கைலி, ஒரு துருக்கி தொப்பி, அடியில ஒரு கடுதாசி. மலேசியாவுல இருக்குற பினாங்குலேர்ந்து பாட்டனாரோட அண்ணன் எழுதுனது. உள்ள பூரா தமிழு, கையெழுத்து மட்டும் இங்கிலீஷ்ல, அதுல பேருக்கு பின்னாடி மெரிக்கன். மாமி சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க, சின்ன வயசுல அவங்களும் எங்க வாப்பாவும் அமெரிக்காவுல நமக்கு சொந்தக்காரவங்க இருக்காங்கன்னு தெரு பூரா பெருமை அடிச்சிக்கிட்டு திரிஞ்சாங்களாம்.

அந்த மெரிக்கன அவுத்து குடுத்தது பினாங்கு நானா, அண்ணன நாங்க நானான்னுதான் கூப்புடுவோம். நீங்க யாரோ நான் யாரோ, ஒரு மெசேஜ் போட்டதுக்கு மறுநாளே மழையில குடை புடிச்சிக்கிட்டு போயி வீடியோ கால்ல கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல காட்டுனீங்களே, அத மறக்கவே மாட்டேன். பினாங்குல இங்கிலீஷ்காரன் கொடி நட்டது 1786ல. பதினஞ்சு வருஷத்துல, 1801ல, அங்க இருந்த நம்மாளுங்களுக்கு கப்பித்தானா, அதாவது தலைவரா இருந்த காதர் மைதீன் மெரிக்கன் இந்த பள்ளிக்கு அடிக்கல் போட்டிருக்காரு. அவரு மௌத்தானது, அதான் காலமானது, 1834ல. பக்கத்துலயே கம்போங் கோலம் தெருவுல அவரு அடங்கியிருக்குற எடத்தையும் காட்டுனீங்க, ரோட்டு சத்தத்துல நீங்க பேசுனது பாதி கேக்கல, ஆனா பாத்துட்டேன் நானா. மெரிக்கன்ங்குறது மரைக்காயர மலாய்க்காரங்க நாக்கு மாத்துனதுதான்னும், அது அங்க குடும்பப் பேரு மாதிரி கடைசியில வர்றதில்ல, மகன் பேரோடயும் ஒட்டிக்கிட்டு இருக்கும், "பின்" போட்ட பெறகு வாப்பா பேரோடயும் ஒட்டிக்கிட்டு இருக்கும்னும் சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சுது. ஒரே ஆளு பேருல ரெண்டு மெரிக்கன். இங்க எனக்கு ஒண்ணு கூட இல்ல!

அது ஏன்னு யோசிச்சப்பதான் எல்லாம் புரிஞ்சுது. நம்ம ஊர்ல வாப்பா பேரோட மொத எழுத்த இனிஷியலா போட்டுக்கிட்டா போதும், பட்டப் பேரு தானா உதிர்ந்துரும். அப்துல் கலாம் அவங்க வாப்பா ராமேஸ்வரத்துல ஜைனுலாப்தீன் மரைக்காயர், படகு வச்சிருந்தவங்க, ஆனா மகன் பேருல வாப்பா பேரு இருக்கு, மரைக்காயர் இல்ல. எங்க ஊரு பாரூக் மரைக்காயர், 1967ல 29 வயசுல பாண்டிச்சேரிக்கு முதலமைச்சர் ஆனவரு, போர்டுலயும் பேப்பர்லயும் எம்.ஓ.எச். பாரூக்னுதான் வரும், பெருசுங்க வாயில மட்டும் மரைக்காயர். ஆனா கப்பல் ஏறுனவன்கிட்ட அந்தப் பக்கத்து குமாஸ்தா ரெண்டாவது பேரு என்னன்னு கேட்டிருக்கான், இவன் மரைக்காயர்னு சொல்லியிருக்கான், அவன் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதிட்டான். ஊர்ல உதிர்ந்தது சபர் போன எடத்துல ஒட்டிக்கிச்சு. அதுலயும் பிரெஞ்சு குமாஸ்தா ஒரு விதம், இங்கிலீஷ் குமாஸ்தா ஒரு விதம். ஸ்பெல்லிங்க பாத்தே எவன் எந்த துறைமுகத்துல எறங்கியிருப்பான்னு ஓரளவுக்கு சொல்லிரலாம், இது நானே கண்டுபுடிச்சதுன்னு வச்சிக்கிட்டு இப்ப கல்யாண வீட்டுல எல்லாம் அளந்து விட்டுக்கிட்டு இருக்கேன்.

ரிடையர்டு தமிழ் வாத்தியார் ஐயா, உங்களுக்கு பெரிய நன்றி. மரக்கலம், அதோட ராயர், மரக்கலராயர்தான் தேஞ்சி மரக்காயர், மரைக்காயர் ஆச்சுன்னு ஒரு கட்சி, இல்ல அரபியில கப்பலுக்கு மர்கப்னு சொல்றதுலேர்ந்து வந்துச்சுன்னு இன்னொரு கட்சி, ரெண்டையும் பொறுமையா வெளக்குனீங்க. இவ்ளோ நீளமான பேரு இப்படி தேயுமான்னு நான் இழுத்தப்ப, கீழக்கரை பெரியதம்பி மரைக்காயர எடுத்துக்கோ, ஷெய்க் அப்துல் காதிர்ங்குற பேரையே சீதக்காதின்னு ஆக்குன ஊருப்பா இது, செத்தும் கொடுத்தான்னு பழமொழியே அந்தப் பேருலதான் நிக்குதுன்னு சொன்னீங்க, அதுக்கு மேல எனக்கு கேள்வியே வரல. நான் மரக்கலம் கட்சிதான்.

அதுக்கு ஒரு காரணம் கொழும்பு சகோதரர். சிங்களத்துல சோனகர, அதான் அந்த நாட்டு முஸ்லிம்கள, 'மரக்கல மினிஸ்ஸு'ன்னு, அதாவது மரக்கல மனுசங்கன்னு சொல்ற பழக்கம் இருக்குன்னு அவருதான் சொன்னாரு. அங்க மரிக்கார்னு வரும். 1988ல நிதி மந்திரியா வந்த புத்தளத்துக்காரர் நெய்னா மரிக்கார் வரைக்கும் லிஸ்ட் குடுத்தாரு, ஆனா எனக்கு புடிச்சது வாப்பிச்சி மரிக்கார் கதைதான். கொழும்பு மியூசியத்த கட்டுன மேஸ்திரி. 1877 ஜனவரி 1ம் தேதி தொறப்பு விழாவுல உனக்கு என்ன வேணும் கேளுன்னு கவர்னர் கேட்டாராம், இவரு வெள்ளிக்கெழம மியூசியத்த மூடிருங்க, அது போதும்னாராம். எங்க வீட்டு ஆளா இருந்தா பாக்கி பில்லத்தான் கேட்டிருப்பாங்க.

கோழிக்கோடு நண்பருக்கு நன்றி சொல்றப்ப கொஞ்சம் மனஸ்தாபமும் இருக்கு. எங்க குடும்பத்துல பாதிப் பேரு நாங்க குஞ்ஞாலி மரக்கார் வாரிசுன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சோம். கோழிக்கோடு ராஜா சாமூதிரியோட கடற்படைய நாலு தலமொறையா நடத்தி, போர்த்துகீஸ்காரன ஓட ஓட வெரட்டுனவங்க, நாலாவது குஞ்ஞாலிய 1600ல கோவாவுல தலைய வெட்டிக் கொன்னான், இப்பவும் மும்பையில கடற்படை தளத்துக்கு ஐ.என்.எஸ். குஞ்ஞாலின்னு பேரு, யாருக்குத்தான் ஆசை இருக்காது? அவரு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு, "பாய், அது பட்டம், ரத்தம் இல்ல." கப்பல் வச்சிருந்தவன், கடல் யாவாரம் பண்ணுனவன் எவனுக்கும் வர்ற பேருதான், மலபார்லயும் வரும், காயல்பட்டினம், பரங்கிப்பேட்டை, அதிராம்பட்டினத்துலயும் வரும். துணிய ஏத்திக்கிட்டு மலேயாவுல கெடாவுக்கும் சுமத்ராவுல அச்சேவுக்கும் போயி ஈயமும் கொட்டைப்பாக்கும் ஏத்திக்கிட்டு வந்த கூட்டம். சரிதான். இன்னும் எங்க பெரிய சாச்சாகிட்ட இத சொல்லல, யாரும் போட்டுக் குடுத்துராதீங்க.

கடைசியா எங்க பள்ளிவாசல் ஹஸ்ரத். பழைய நிக்காஹ் தப்தர, அதான் கல்யாணப் பதிவு புத்தகத்த, அஸர் தொழுகைக்கு அப்புறமா எறக்கி, மேல இருந்த தூசிய தோள்ல போட்டிருந்த துண்டாலயே தொடச்சி, பக்கம் பக்கமா எனக்காக படிச்சீங்க. பூரா அரபுத் தமிழ், எழுத்து அரபி, சொல்லு தமிழு, அரபியில இல்லாத ட, ங எல்லாத்துக்கும் இருக்குற எழுத்துலயே கூடுதலா புள்ளி வச்சு எழுதுனது. எனக்கு ஓதத் தெரியும், இத படிக்க தெரியல, வெக்கமா போச்சு. பூச்சி அரிச்ச ஒரு பக்கத்துல வெரல வச்சி லென்ஸ கிட்ட கொண்டு போயி, "இங்க பாரு, 'ரே'க்கு மேல ஜபர், அதான் அகரக் குறி, மட்டும்தான் இருக்கு, பின்னாடி 'யே' இல்ல, அப்ப ரை இல்ல, ர. உங்க பூட்டனார் மரைக்காயர் இல்லப்பா, மரக்காயர்"ன்னீங்க. பாஸ்போர்ட், ஆதார், கடுதாசி எல்லாம் சேத்து இது நாலாவது ஸ்பெல்லிங்! நான் சிரிச்ச சிரிப்புல ஒளு செஞ்சிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க, அவங்களுக்கும் ஒரு மன்னிப்பு.

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ் கைரன். மாமி, கடுதாசிய பிளாஸ்டிக் கவர்ல போட்டு பெட்டியிலயே திரும்ப வச்சிட்டேன், கைலியும் நாலு இருக்கு, எண்ணிக்கோங்க. பினாங்கு நானா, அந்தக் கடுதாசி எழுதுன பாட்டனாரோட அண்ணன் வழியில யாராவது அகப்பட்டா நடுராத்திரின்னாலும் கூப்புடுங்க. ஹஸ்ரத், உங்க லென்ஸ் என் ஜிப்பா பாக்கெட்லயே வந்துருச்சு, வெள்ளிக்கெழம ஜும்ஆவுக்கு கொண்டாந்து தர்றேன்.